மூக்கு நீக்கிய கனவு

தில்லைநாயகிக்குக் கனவே வராது. படுத்தால் மரக்கட்டை, கண் திறந்தால் காலை, நடுவில் ஒன்றும் கிடையாது. "மடியில கனமில்ல, எனக்கெதுக்குக் கனவு?" என்று பெருமையடித்துக்கொள்வாள். அப்பேர்ப்பட்டவளை ஒரு கனவைக் காட்டியே கவிழ்த்துவிட்டார்கள் என்றால் இந்த அநியாயத்தை எங்கே போய் முறையிடுவது?

கவிழ்த்த இடம் கோவையில், தத்து ஒப்புதல் குழுவின் அலுவலகம். கவிழ்த்தவர் குழுத் தலைவர் டாக்டர் மங்களேஸ்வரி. குழந்தைகள் மனநலத்தில் பேர் எடுத்தவர், அதிர்ந்து பேசாதவர்.

"உங்க கனவுல முதலை வந்திருக்கும்மா" என்றார்.

"முதலையா? எனக்கா?" தில்லை சிரித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் சென்னியப்பனும் சிரித்தான். "ஏனுங்க டாக்டர், இவ தூங்குனா பக்கத்துல தேரே ஓடினாலும் தெரியாதுங்க. இவளுக்குப் போயி கனவா?"

டாக்டர் சிரிக்கவில்லை. சிரிப்பு இருவருக்கும் பாதியில் நின்றது.

கனாக்குல்லா என்று ஒரு சாமான் அப்போது ஊரெல்லாம் வந்துவிட்டிருந்தது. தலையில் மாட்டிக்கொண்டு தூங்கினால், தூக்கத்தில் மூளை பார்க்கிற படத்தை அப்படியே எடுத்துத் திரையில் போடும். வந்த புதிதில் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைத் தோழர்கள் மாட்டிவிட்டுச் சிரிக்கிற விளையாட்டுச் சாமானாகத்தான் இருந்தது. பிறகு மனநல டாக்டர்கள் கையில் எடுத்தார்கள். கூடவே ஒரு கனவு அகராதியும் வந்தது. பாம்பு வந்தால் என்ன, ஆறு பெருகினால் என்ன, மரம் சாய்ந்தால் என்ன என்று கனவில் வருகிற அத்தனைக்கும் அதில் விளக்கம் உண்டு. நமக்கு இது புதிதா? யானை துரத்தினால் பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் பாக்கி, பாம்பு கடித்தால் பிடித்த சனி விட்டது என்று நாம் எந்தக் காலத்திலிருந்தோ சொல்லிக்கொண்டிருக்கிறோம். முன்பு ஊரார் சொன்னதை இப்போது மெஷின் சொன்னது, அவ்வளவுதான் வித்தியாசம். தன்னைத் தானே தெரிந்துகொள்ள அது நிறையப் பேருக்கு உதவியது என்பதையும் மறைக்கக்கூடாது.

அப்புறம்தான் அந்தத் துயரம் நடந்தது. தத்துப்போன வீட்டில் ஒரு பெண் குழந்தை அடிபட்டே செத்தாள். வளர்த்தவர்கள் விசாரணையில் பசுமாடுபோல் சாதுவாகப் பேசினார்கள், நேரில் பார்த்த எவரும் சந்தேகப்படவில்லை. மனிதன் வாயால் பொய் சொல்வான், கனவால் சொல்ல மாட்டான் என்று முடிவுகட்டிச் சட்டம் போட்டார்கள். தத்தெடுக்க வருகிறவர்கள் ஒரு வாரம் குல்லா மாட்டித் தூங்க வேண்டும்.

சென்னியப்பன் தூங்கினான். கனவு முழுக்கத் தறிகெட்டு ஓடும் வெள்ளாடுகள், பனியன் மூட்டைகள், ஒரு பழைய மொபெட். 'சாதாரணம்' என்று எழுதிவிட்டார்கள். தில்லையின் கனவுக்கு வந்த அறிக்கையை டாக்டர் வாசித்துக் காட்டினார்.

"ஏழு ராத்திரியும் ஒரே கனவு. கூரான நகம் மண்ணைத் தோண்டுது. அதுக்கு அர்த்தம், புதைக்கிற எண்ணம். முட்டைகளைப் பல்லு உடைக்குது. கருவின் மேல வெறுப்பு. குட்டிகள் பல்லுக்கு நடுவுல மாட்டுது. சிசுவைத் தாக்கும் ஆவேசம். காட்சி நடுநடுவுல பயங்கரமா ஆடுது, அது ஆத்திரம். கடைசியில தண்ணி வருது..." நிறுத்தினார். "மூழ்கடிக்கும் ஆசை."

மற்றதெல்லாம் தில்லையின் மண்டையில் ஏறவே இல்லை. கருவின் மேல் வெறுப்பு என்ற ஒன்றில் நின்றுவிட்டாள். இரண்டு முறை கரு தங்காமல் போன வயிறு அவளுடையது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவள், தைத்து வைத்திருந்த குட்டிச் சட்டைகளை யாருக்கும் கொடுக்கவும் மனமில்லாமல் வைத்திருக்கவும் மனமில்லாமல் நாள் முழுக்க மடித்துக்கொண்டே இருந்தாள். அவளைப் பார்த்துக் கருவை வெறுத்தவள் என்கிறதே ஒரு மெஷின், அது உருப்படுமா?

"மூர்க்கனும் முதலையும் கொண்டது விடான்னு பெரியவங்க சும்மா சொல்லலைம்மா" என்றார் டாக்டர். குரலில் கோபமில்லை, அதுதான் இன்னும் கொடுமை. "உங்களைக் கெட்டவங்கன்னு நான் சொல்லல. உங்களுக்கே தெரியாம உள்ளே ஒண்ணு இருக்கு. அது இருக்கற வீட்டுக்கு நான் அல்லியை அனுப்ப முடியாது. மறுவிசாரணை ஒரு தடவை கேட்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"வெள்ளிக்கிழமை என்னங்க?" என்றான் சென்னியப்பன்.

"அன்னிக்கு அவளை வேற விடுதிக்கு மாத்தறோம். அடங்காத குழந்தைகளுக்குன்னு தனியா இருக்கற இடம். அங்கிருந்து தத்து கொடுக்கறதில்லை."

அல்லி யார் என்று சொல்லிவிடுகிறேன். வயது ஐந்து. சுருட்டை முடி, முன் பல்லில் ஒன்று பாதி உடைந்தது. கடிப்பாள். விளையாட்டுக்கு இல்லை, ரத்தம் வரக் கடிப்பாள். ஆசையாய்க் கூட்டிப்போன இரண்டு குடும்பங்கள் கையில் கட்டோடு திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். விடுதியில் அவளுக்குப் பேரே 'கடிக்கிற புள்ள' என்றாகிவிட்டது.

தில்லை அவளை முதல்முதல் பார்க்கப் போனபோது அவிநாசி பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிப்போனாள். நீட்டிய கையில் பன்னை விட்டுவிட்டுக் கையைக் கவ்வினாள் அல்லி. கட்டை விரலுக்குக் கீழே, நல்ல சதையில். வார்டன் ஸ்டெல்லா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "இழுங்க, கையை இழுங்க!"

தில்லை இழுக்கவில்லை. ஏன் என்று அப்போது அவளுக்கே தெரியாது. கையை அந்தச் சின்ன வாயிலேயே விட்டுவிட்டு, வலியில் கண் கலங்க, அப்படியே உட்கார்ந்திருந்தாள். அல்லி கடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். அடி விழும் என்று காத்திருந்த கண்கள். அடி விழவில்லை. கொஞ்ச நேரத்தில் பல் தளர்ந்தது. பன்னை எடுத்துக்கொண்டாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தாள். தில்லையின் முந்தானையைப் பிடித்து இழுத்து, தான் கடித்த இடத்தைத் துடைத்துவிட்டாள்.

அன்றைக்கே தில்லை தீர்மானித்துவிட்டாள், இவள் என் பிள்ளை. இப்போது வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முதலையை ஜெயித்தால்தான் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரும்.

மறுநாள் காலை எழுந்ததும் தில்லை வழக்கம்போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு இது வருஷக்கணக்காய் இருக்கிற உபத்திரவம். தாடை இரண்டும் விண்ணென்று வலிக்கும், வாய் திறந்தே கிடக்கும், தலையணை நனைந்திருக்கும். பல் டாக்டரிடம் போனாள். "தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்களோன்னு பார்த்தேன். பல்லு ஒண்ணுகூடத் தேயலையே" என்று அவரும் கைவிரித்துவிட்டார்.

சென்னியப்பன் காப்பியை நீட்டினான். எந்த நாளும் அவன் சொல்கிற கிண்டல் ஒன்று உண்டு. "அம்மிணி, ராத்திரி பூரா வாயைப் பொளந்துட்டே கெடந்த. ஈ உள்ளே போய்க் குடும்பமே நடத்தியிருக்கும்." அன்றைக்கு அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"ஏங்க, நான் அந்தக் கனவைப் பார்க்கணும்" என்றாள் தில்லை.

"எதுக்கு கண்ணு? பார்த்து மனசு நோகவா?"

"என்னைக் கொலைகாரின்னு எழுதியிருக்காங்க. கொலையை நான் பார்க்க வேணாமா?"

அவன் வண்டியை எடுத்தான்.

சொந்தக் கனவைப் பார்க்கச் சட்டத்தில் இடமிருந்தது. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். குல்லா எடுத்த படங்களை வைத்திருக்கிற கனவுக்கூடத்தில் பெனாசிர் என்ற பெண் பொறுப்பில் இருந்தாள். சாயம் போன ஜீன்ஸ், தலையில் துப்பட்டா, ஓயாத வாய். "வாங்கக்கா, உட்காருங்கண்ணா. அறிக்கை படிச்சுட்டு அழுதுட்டுப் போறவங்கதான் அதிகம். படம் பார்க்கணும்னு வந்த மொத ஆளு நீங்கதான்" என்று திரையைப் போட்டாள்.

தரை. கண்ணுக்கு வெகு பக்கத்தில், ஈர மணல். அதை இரண்டு கைகள் தோண்டின. கையா அது? செதிலும் நகமுமாக. மணலுக்கு அடியிலிருந்து கீச்கீச்சென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. தோண்டத் தோண்ட வெள்ளை முட்டைகள். சில வெடித்திருந்தன. விரல் நீளக் குட்டிகள் நெளிந்து திரையின் அடிப்பக்கம் போய்ப் போய் மறைந்தன. ஓரத்தில் ஒரு பல், அதன் அருகே ஒரு குட்டி வால். பிறகு திரை கிடுகிடுவென்று ஆடியது. சென்னியப்பன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

தில்லை திருப்பவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் வெட்டும் பிரிவில் இருப்பவள். துணி எப்படிக் கிடந்தாலும் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுதன்றைக்கும் வேலை.

"பெனாசிர், இதுல முதலை எங்கே?"

"முழுசா எங்கயும் தெரியலக்கா. நகத்தையும் பல்லையும் வெச்சு மெஷின் கண்டுபிடிச்சுது."

"சரி. முதலை எனக்கு எதிர்ல நின்னு தோண்டினா, நகம் என்னைப் பார்த்துல்ல வரணும்? திருப்பிப் போடு. பாரு, கை இங்கேருந்து அங்கே போகுது. என் பக்கத்துலேருந்து."

பெனாசிரின் வாய் முதல்முறையாக ஓய்ந்தது. இன்னொரு தடவை ஓட்டினாள். இன்னொரு தடவை. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அல்லா! மூக்கு!"

"யார் மூக்கும்மா?" என்றான் சென்னியப்பன்.

"அண்ணா, ஒரு கண்ணை மூடிட்டுக் கீழே பாருங்க. உங்க மூக்கு தெரியுதா? நாள் பூரா தெரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. மூளை அதைக் கண்டுக்கறதில்ல. ஆனா குல்லா கண்டுக்கும். எல்லார் கனவுலயும் படத்துக்குக் கீழே மங்கலா ஒரு மேடு வரும். அதைப் போய் யார் பார்க்கறது? படத்துக்கு இடைஞ்சல்னு அழிச்சுட்டு, அந்த இடத்துல சுத்தியிருக்கற மண்ணையோ வானத்தையோ வெச்சு மெஷினே பூசிடும். மூக்கு நீக்கம்னு பேரு. ஆரம்பத்துலேருந்து அப்படித்தான்."

"கனவு கண்டது யாருன்னு பார்க்காமலேயா அர்த்தம் எழுதினீங்க?" தில்லை கேட்டாள்.

"கனவு கண்டது நீங்கதானேக்கா..."

"அதான் கேட்கறேன். கனவுக்குள்ள நான் யாரு? நீங்க அதைத்தானே துடைச்சுட்டீங்க. என் மூக்கைத் திருப்பி வை."

பெனாசிர் விசைகளைத் தட்டினாள். முதல் காட்சி மட்டும் மெதுவாக மாறியது. திரையின் அடியிலிருந்த மணல் கரைந்து, அங்கே ஒன்று முளைத்தது. சேற்று நிறம். முண்டும் முடிச்சுமாக, நீளமாக, பாதித் திரை வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது. அது மூக்குதான். மனித மூக்கு இல்லை. அதன் ஓரத்துப் பற்களுக்கு நடுவிலிருந்து, பால்கனியில் நின்று வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைப்போல, இரண்டு குட்டிகள் தலையை நீட்டிப் பார்த்தன.

"ஐயோ சாமி" என்றான் சென்னியப்பன்.

மெல்லத் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தான். ஏதோ பொறி தட்டியவன்போல எழுந்தே விட்டான். "தில்லை... உன்ற வாயி. ராத்திரி பூரா தெறந்து கெடக்குமே. கடிக்கறவ பல்லைக் கடிச்சுட்டுல்ல கண்ணு தூங்குவா? பல்லு தேயலைன்னாரே அந்த டாக்டரு. நீ மூடாம வெச்சிருந்திருக்கற. வாய்க்குள்ள குட்டி இருக்குதுன்னு மூடாம வெச்சிருந்திருக்கற!"

தில்லை இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. அடக்கவில்லை, நன்றாக அழுதாள்.

அழுது முடித்தபோது ஒரு மாலைநேரம் அவளுக்கு ஞாபகம் வந்திருந்தது. அதை அவர்களிடம் சொன்னாள். கொள்ளிடக் கரையில், சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊர் அவளுடையது. முதலைக்குப் பயந்து ஆற்றில் கால் நனைக்காத ஊர். பள்ளிக்கூடம் போகிற வயசில், கரையில் ஆட்கள் கூடிக் கத்துவதைக் கேட்டு ஓடினாள். முதலை ஒன்று தன் குட்டிகளையே வாயில் அள்ளிக்கொண்டு போனது. "பெத்ததையே திங்குது பாரு, சண்டாளி!" என்று கல்லெடுத்து அடித்தார் அவள் அப்பா. ஊரே அடித்தது. அவளும் ஒரு கல் எறிந்தாள்.

"அது திங்கலைக்கா" என்றாள் பெனாசிர். இதற்குள் தேடிப் படித்துவிட்டிருந்தாள். "முட்டைக்குள்ளேருந்து குட்டி கூப்பிடுமாம். அம்மா வந்து தோண்டும். ஓடு உடையாத முட்டையை வாயில வெச்சு மெதுவா உடைச்சு விடும். அப்புறம் வாயில தூக்கிட்டுப் போய்த் தண்ணியில விடும். நரி, பருந்துக்குத் தப்பிக்கணும்ல."

தில்லை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மிச்சத்தையும் மூக்கோட எடுத்துக் குடு. முக்கியமா அந்த ஆடற இடம்."

"ராப்பூரா மெஷின் ஓடணும்க்கா. வெள்ளிக்கிழமை காலையிலதான் கிடைக்கும். நானே எடுத்துட்டு வரேன். வேலை போனா போகட்டும், போங்க!"

வெள்ளிக்கிழமை. குழு அறையில் டாக்டர் மங்களேஸ்வரி, இரண்டு பக்கமும் தலையாட்ட இரண்டு உறுப்பினர்கள். பெனாசிர் படப்பெட்டியோடு நின்றாள். வெளியே வராந்தாவில் அல்லி, தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு. ஸ்டெல்லா கையோடு அவளை அழைத்து வந்திருந்தாள். எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் பிள்ளை கிளம்பியாக வேண்டும்.

மூக்கு நீக்கத்தைப் பெனாசிர் விளக்கினாள். முதல் காட்சியைக் காட்டினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒத்துக்கறேன், எங்க மேல தப்பு இருக்கு. ஆனா தில்லை, முதலை எதிர்ல இருக்கறதா நெனச்சேன். நீங்களோ, நான்தான் அந்த முதலைங்கறீங்க. இது இன்னும் மோசமில்லையா?"

"அர்த்தத்தை முதலைகிட்டேருந்து படிங்கம்மா" என்றாள் தில்லை. "தோண்டறேன்னு எழுதியிருக்கீங்க. ஆமா, உள்ளேருந்து கூப்பிட்ட பிள்ளையை வெளியே எடுக்கத் தோண்டறேன். முட்டையை உடைக்கறேன். உள்ளே இருக்கற குட்டியால உடைக்க முடியல, நான் உடைச்சு விடறேன். தண்ணி வருது. மூழ்கடிக்க இல்லம்மா. அதுங்களுக்கு அதுதான் வீடு."

"அழகா சொல்றீங்க. எனக்கும் நம்ப ஆசைதான்." டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். "செத்துப்போச்சே அந்தக் குழந்தை, அவளை அந்த வீட்டுக்கு அனுப்பினது நான்தான். அவங்களும் அழகாத்தான் பேசினாங்க. இன்னொரு தடவை பேச்சைக் கேட்டு ஏமாற எனக்குத் தெம்பில்ல."

சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டான். "ஏனுங் டாக்டர், நானு அவிநாசிக்காரனுங்க. முதலை முழுங்கின புள்ளையத் திருப்பிக் குடுத்த ஊருங்க எங்களுது. வருஷா வருஷம் பங்குனியில குளத்துக்கிட்ட அதுக்குத் திருவிழாவே எடுக்கறோம். முதலைன்னா கொல்லும்னு எங்கிட்டச் சொல்லாதீங்க."

"அது சாமி செஞ்சதுப்பா" என்றார் ஓர் உறுப்பினர்.

"சாமி செஞ்சாலும், முதலை வாயைத் தெறந்தாத்தானுங்க புள்ள வெளிய வரும்!"

அவ்வளவு இறுக்கத்திலும் அந்த உறுப்பினர் சிரித்துவிட்டார். தில்லை கணவனின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பேச்சைக் கேட்டு நம்ப வேணாம்மா. நானும் இன்னும் பார்க்கல. சேர்ந்தே பார்த்துடுவோம். நீங்க ஆத்திரம்னு எழுதின இடத்தைப் போடச் சொல்லுங்க."

அதில் என்ன இருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. வேறு ஏதாவது இருந்துவிட்டால்? நிஜமாகவே உள்ளே ஒரு சண்டாளி இருந்துவிட்டால்? ஆனாலும் பார்க்காமல் பிள்ளையை வாங்குவதைவிடப் பார்த்துவிடுவது மேல் என்று திடமாக இருந்தாள்.

பெனாசிர் படத்தை ஓட்டினாள்.

நீண்ட மூக்கு மணலில் ஊர்ந்து போனது. பற்களுக்கு நடுவே குட்டிகள். தூரத்தில் தண்ணீரின் மினுக்கம். திடீரென்று மூக்கின் மேல் ஒன்று வந்து விழுந்தது. கல். திரை ஆடியது. இன்னொரு கல். முனையில் தோல் கிழிந்து ரத்தம். ஒரு பெரிய கருங்கல் நட்டநடு மூக்கில் விழுந்தபோது அறையில் இருந்த அத்தனை பேரும் தாங்களே அடிபட்டதுபோல் பின்னால் சாய்ந்தார்கள். படம் கிடுகிடுத்தது.

வாய் மூடவில்லை.

கல்மாரி பொழிந்தது. தாடை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே திறந்திருந்தது. கடைசியாக வந்தது ஒரு சின்னக் கூழாங்கல், சின்னக் கையால் எறிந்தது. அதற்கும் மூடவில்லை. உள்ளே ஒரு குட்டி, இத்தனை அமர்க்களத்திலும், பல்லின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தது. தண்ணீர் தொட்டதும் மூக்கு தாழ்ந்தது. குட்டிகள் ஒவ்வொன்றாக நீந்திப் போயின. படம் அங்கே முடிந்தது.

டாக்டர் தன் முன்னால் இருந்த அறிக்கையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "மூக்கோட சேர்த்துக் கல்லையும் அழிச்சுட்டோம்" என்றார். "அடி வாங்கறதைத் துடைச்சுட்டு, ஆடறதை மட்டும் வெச்சுக்கிட்டு, ஆத்திரம்னு எழுதிட்டோம்."

"வலியில ஒரு தடவை வாயை மூடியிருந்தா குட்டி செத்திருக்கும்" என்றாள் தில்லை. "அது மூடல. அன்னிக்கு ஆத்தங்கரையில நானும்தான் கல்லெறிஞ்சேன், எனக்கு அது புரியல. உள்ளே எங்கேயோ யாருக்கோ புரிஞ்சிருக்கு போல."

டாக்டர் எழுந்து வந்து தில்லையின் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலுக்குக் கீழே அரைவட்டமாகப் பல் தடம், ஒரு பல் மட்டும் பாதியாக. "இழுத்திருந்தா சதை கிழிஞ்சிருக்கும். கிழியலையே?"

"இழுக்கலம்மா."

"மத்த ரெண்டு வீட்டுக்காரங்க கையையும் நான் பார்த்திருக்கேன்." கையை விடாமலே கேட்டார். "இவ இன்னும் எத்தனை தடவை கடிப்பாளோ தெரியாது. திருப்பிக் கொண்டுவந்து விட்டுட மாட்டீங்களே?"

தில்லைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நீங்கதானேம்மா சொன்னீங்க. முதலை கொண்டது விடாது."

அறை வெடித்துச் சிரித்தது. கையெழுத்து விழுந்தது. சென்னியப்பன் பெனாசிரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான்.

அதோடு விட்டாரா டாக்டர்? மறுப்பு எழுதின அத்தனை கனவுகளையும் மூக்கோடு திரும்பப் போடச் சொன்னார். தேள் கனவென்று துரத்தப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியர், முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்து போன தேளாக இருந்தார். மூங்கில் காடு தீப்பிடிக்கிறது என்று தள்ளப்பட்ட ஒரு தம்பதியில் அந்தப் பெண் தீயாக இல்லை, அணைக்க வந்த மழையாக இருந்தாள். ஒன்றிரண்டு பேர் நிஜமாகவே பயங்கரமாகத்தான் இருந்தார்கள், அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. மூக்கு நீக்கம் என்ற வேலையே அந்த மாதத்தோடு ஒழிந்தது. எல்லாம் முடிந்த ஒரு சாயங்காலம் டாக்டர் பெனாசிரிடம் தனியாக வந்து, "ரொம்ப நாளா எனக்கு ஒரு பருந்து கனவு வருதும்மா. கோழிக்குஞ்சு மேல வட்டம் போடுது. ஒரு தடவை மூக்கோட போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாராம். பார்த்துவிட்டு அந்தம்மாள் லேசான முகத்தோடு வீட்டுக்குப் போனார் என்று மட்டும் பெனாசிர் சொன்னாள். என்ன மூக்கு என்று சொல்லவில்லை.

அதெல்லாம் பின்னால் நடந்தது. வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

வராந்தாவில் அல்லி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தில்லை அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, "கிளம்பலாமா சாமி?" என்றாள். அல்லி பையை நீட்டினாள். வழியெல்லாம் சென்னியப்பன் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினான். சுருதி சேரவில்லை, யாருக்கும் அது குறையாகப் படவில்லை. அவிநாசி எல்லையில் நிறுத்தித் தேங்காய் பன் வாங்கினான்.

மறுநாள் காலை தில்லை எழுந்தபோது தாடை வலித்தது. எப்போதையும்விட நன்றாகவே வலித்தது. வலிக்கட்டும் என்று சிரித்துக்கொண்டாள்.

பக்கத்தில் அல்லி முழித்துக்கொண்டு படுத்திருந்தாள். முதலை, கனவு, குல்லா என்று ஒரு வார்த்தையும் அந்தப் பிள்ளை காதில் யாரும் போட்டதில்லை.

"நான் ஒரு கனவு கண்டேன்" என்றாள் அல்லி. அந்த வீட்டில் அவள் பேசின முதல் பேச்சு அது.

"என்ன கனவு தங்கம்?"

"பெரிய வாய்க்குள்ள படுத்துத் தூங்கினேன்."

தில்லை அவள் பக்கம் நகர்ந்தாள். "பயமா இருந்துச்சா?"

"ஊஹூம். கதகதன்னு இருந்துச்சு. பல்லெல்லாம் இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா மூடவே இல்ல."

பிறகு எழுந்து உட்கார்ந்தாள். தில்லையின் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆ காட்டு."

தில்லை வாயைத் திறந்தாள். பிள்ளை குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் உள்ளே பார்த்தாள்.

"ம். இதே வாய்தான்" என்றாள்.